புல்லாங்குழல் யாருக்கு?

ஆட்டிசம் உடைய பெரியவர்களுக்குத் திறமைக்கேற்ற வேலை கிடைக்காதது பெரும்பாலும் சமூகநலத் துறையின் கவலையாகவே பேசப்படுகிறது. அதன் அடியில் பழைய அறவியல் கேள்வி ஒன்று கிடக்கிறது: தகுதி என்பது எது?

'அரசியல்' நூலின் மூன்றாம் பகுதியில் அரிஸ்டாட்டில் இதற்குப் புல்லாங்குழலை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். நல்ல குழல் நற்குடியில் பிறந்தவருக்கோ அழகருக்கோ போகக் கூடாது, நன்றாக ஊதுபவருக்கே போக வேண்டும். பிறப்பும் அழகும் குழலூதும் கலையைவிட உயர்ந்த பேறுகளாகவே இருக்கட்டும். ஊதுவதற்கு அவை உதவா. திருக்குறளின் 'தெரிந்து வினையாடல்' அதிகாரமும் வினையையும் அதைச் செய்பவனையும் பொருத்திப் பார்த்து ஒப்படைக்கச் சொல்கிறது. இதை மறுக்கும் நிறுவனம் இன்று எதுவுமில்லை. ஆனால் குழலை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் இடம் நேர்முகத் தேர்வாக இருக்கிறது.

அங்கே கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். சுற்றி வளைத்துக் கேட்பதன் உட்பொருளைப் பிடிக்க வேண்டும். தன் பெருமையைக் கூச்சமின்றித் தானே சொல்ல வேண்டும். ஆட்டிசம் உடைய பலருக்கு இவைதாம் கடினம். கணக்கேட்டில் பிழை கண்டுபிடிக்கவோ நூலகப் பட்டியல் தயாரிக்கவோ இவற்றில் ஒன்றும் பெரிதாகத் தேவைப்படாது. நோவா சாசனும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, முதல் பார்வையில் எழும் மதிப்பீடு எப்படித் திசைமாறுகிறது என்பதைக் காட்டியது. ஆட்டிசம் உடையவர்கள் பேசுவதைச் சில நொடிகள் பார்த்தவர்களும் கேட்டவர்களும் ஆட்டிசம் இல்லாதவர்களைவிட அவர்களைக் குறைவாகவே மதிப்பிட்டனர். அதே பேச்சை எழுத்தில் மட்டும் படித்தவர்களிடம் அந்த வேறுபாடு மறைந்தது. சொன்னதில் குறையில்லை, சொன்ன விதம்தான் உறுத்தியிருக்கிறது. அரிஸ்டாட்டில் விலக்கிய அழகு வேறு பெயரில் உள்ளே வந்துவிட்டது எனலாம்.

பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021இல் வெளியிட்ட கணக்குப்படி, அங்கே வேலை வயதில் உள்ள ஆட்டிசம் உடையவர்களில் சுமார் 22 சதவீதத்தினரே வேலையில் இருந்தனர். அந்த வேலை அவர்கள் படிப்புக்கும் திறமைக்கும் ஏற்றதா என்பதை இத்தகைய கணக்கு சொல்வதில்லை.

டென்மார்க்கில் தோர்கில் சோன் 2004இல் தொடங்கிய ஸ்பெஷலிஸ்டெர்னே நிறுவனம் வேறு வழியில் போனது. வழக்கமான நேர்முகத்துக்குப் பதிலாக லெகோ ரோபோக்களைக் கட்டி இயக்கச் சொல்லி, செய்வதைப் பார்த்துத் திறமையை அறிந்தது. குழலைக் கையில் கொடுத்து ஊதச் சொல்லும் முறை இது. ஆனாலும் இதன் வெற்றி ஒரு புதிய வார்ப்பையும் உண்டாக்கியது: ஆட்டிசம் என்றால் மென்பொருள் சோதனை. இசையிலோ தோட்டக்கலையிலோ நாட்டமுள்ளவரை இந்த வார்ப்பு மறுபடியும் பொருந்தாத இருக்கையில் உட்கார வைக்கும்.

சக ஊழியர்களோடு ஒத்துப்போவதும் தகுதிதானே என்ற மறுப்பில் நியாயம் உண்டு. விற்பனையாளரிடம் அது வேலையின் பகுதியே. எல்லா வேலைக்கும் அதையே நிபந்தனையாக்குவதுதான் பிழை. மேலும், ஒத்துப்போகாமை ஒரு தரப்பின் குறையன்று, புரியாமை இரு பக்கமும் இருக்கிறது என்று சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் வாதிட்டார். அவரும் ஆட்டிசம் உடையவர்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை முதன்முறையாக அரசு வேலை இட ஒதுக்கீட்டுக்குள் கொண்டுவந்தது. மொத்தம் 4 சதவீதம். அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு அனைத்துக்கும் சேர்த்து 1 சதவீதம். சான்றிதழில் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும். சரளமாகப் பேசிப் பட்டமும் பெற்றவர் இந்த அளவைத் தொடாமல், நேர்முகத்திலும் தேறாமல் போகக்கூடும்.

தகுதி வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. நன்றாக ஊதுபவருக்கே குழல் என்றால், ஊத இயலாதவரின் நிலை என்ன? சமூகத்தைப் பரஸ்பர ஆதாயத்துக்கான ஒப்பந்தமாகக் காணும் கோட்பாடுகள் இங்கேதான் தடுமாறுகின்றன என்று தத்துவ அறிஞர் மார்த்தா நுஸ்பாம் 2006இல் எழுதினார். ஒவ்வொருவருக்கும் உறுதி செய்யப்பட வேண்டியவை என்று அவர் தொகுத்த பத்து ஆற்றல்களின் பட்டியலில், மற்றவர்களுக்குச் சமமாக வேலை தேடும் உரிமை பத்தாவதன் கீழ் வருகிறது. உற்பத்தி செய்து காட்டினால்தான் அந்த உரிமை என்ற நிபந்தனையை அவர் அதில் வைக்கவில்லை.