அறியாதவரிடம் அடையும் லாபம்

கால் டாலருக்கு வாங்கிய ஒரு பொருளை ஆயிரம் டாலருக்கு விற்றால் அந்த லாபம் ஹலாலா? "அது அவன் சாமர்த்தியம்" என்பார் சிலர். "சுத்த மோசடி" என்பார் வேறு சிலர். இரண்டும் அவசரத் தீர்ப்புகள். ஓர் உதாரணத்தைக் கொண்டு ஆராய்வோம்.

அமெரிக்காவில் 1964-க்குப் பின், பள்ளிப் பருவத்து வாலிபர் நாலைந்து பேர் கூடி, வீட்டு மோட்டார் கொட்டகையில் கிதாரும் டிரம்மும் வைத்துப் பாடும் மோகம் ஊர்தோறும் பரவியது. பின்னாளில் அதற்கு ‘காரேஜ் ராக்’ என்று பெயர் வந்தது. நிமிடத்துக்கு 45 முறை சுழலும் 7 அங்குல இசைத்தட்டுகளைச் சில நூறு மட்டும் அச்சிட்டுக்கொண்ட குழுக்கள் பல. அவற்றில் பெரும்பாலானவை ஊர் எல்லையைத் தாண்டவில்லை. 1972-ல் ‘நகெட்ஸ்’ என்னும் தொகுப்பு வெளிவந்தபின் இத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்போர் பெருகினர். இன்று அரிதான சில தட்டுகள் ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோகின்றன.

இசைக் கருவிகளைக் கேட்பதும் விற்பதும் கூடாது என்பதே உலமாப் பெருமக்களில் பெரும்பாலோரின் தீர்ப்பு. எனவே இத்தொழிலை நாம் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் இங்கே எழும் கேள்வி பழைய நாணயம், பீங்கான், நிலம் அனைத்துக்கும் பொதுவானது.

மூதாட்டி ஒருவர், மகன் விட்டுச்சென்ற தட்டுகளைப் பெட்டியோடு வாசலில் வைத்து, ஒன்று கால் டாலர் என்று விற்கிறார் என வைத்துக்கொள்வோம். மதிப்பறிந்த ஒருவர் வருகிறார். "இதற்கு ஏதும் விலை உண்டா, தம்பி?" என்று அவர் கேட்க, "வெறும் குப்பை" என்று இவர் சொன்னால் அது அப்பட்டமான மோசடி. கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை என்றால்?

லாபம் குற்றமல்ல. உர்வா (ரலி) அவர்கள், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கொடுத்த ஒரு தீனாருக்கு இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் பரக்கத்துக்காக துஆச் செய்தார்கள். ஏமாற்று இல்லாத வெறும் விலைக் குறைவு வியாபாரத்தை முறிக்காது என்பதே ஷாபிஈ மத்ஹபின் சட்டம்.

ஆயினும், சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தைச் சந்தைக்கு வருமுன் வழிமறித்து வாங்குவதை அண்ணலார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தை விலை அறியாதவரின் அறியாமையே அங்கே முதலாகிவிடுகிறது. கடை விரித்திருப்பவர் சந்தையில் இருப்பவர்; விலையறிவது அவர் பொறுப்பு. வாசலில் பெட்டி வைத்த மூதாட்டியோ சந்தையை எட்டாத பயணியைப் போன்றவர். இருவரும் சமமல்லர்.

"எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் கற்ற வித்தைக்கு என்ன பயன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விலையைச் சொல்லி, விற்றுத்தந்து, உழைப்புக்குரிய பங்கை இருவரும் பேசி எடுத்துக்கொள்ளலாமே! ஜரீர் (ரலி) அவர்களுக்காக 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரை பேசப்பட்டபோது, அது அதைவிட உயர்ந்தது என்று தாமே விலையை ஏற்றி 800 திர்ஹம் கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நாயகத்திடம் (ஸல்) பைஅத் செய்திருந்ததே காரணம். விற்பவர் மாற்று மதத்தவர் என்பதால் நம் நேர்மை குறைந்துவிடலாகாது.

விற்கும்போதும் இதே அளவுகோல்தான். தட்டில் உள்ள மெல்லிய கீறலை மறைப்பதும், பிற்காலத்து மறுபதிப்பை மூலப்பதிப்பென்று கொடுப்பதும், ஏலத்தில் நண்பனைவிட்டுக் கேள்வியை ஏற்றுவதும் ஹராமே.

சட்டம் நம்மை நரகிலிருந்து காக்கும் வேலி. இஹ்ஸான் அதற்குள் வளரும் தோட்டம். விற்றவர் நாளை உண்மை விலையை அறிந்தால் அவர் முகத்தை நம்மால் பார்க்க முடியுமா? முடியும் என்றால் அந்த லாபத்தை நிம்மதியாக உண்ணலாம். முடியாதென்றால், மறுமையில் அவரோடு நிற்கும்முன் இங்கேயே கணக்கைத் தீர்த்துக்கொள்வோம்.

வல்ல ரஹ்மான் நம் அனைவரின் சம்பாத்தியத்தையும் தூய்மையாக்கி அருள்வானாக! ஆமீன்.