மேல்வரிசை ஓட்டுநர் கீழ்வரிசைக்கு வரலாமா?

காஞ்சிபுரம் மாவட்டம் என்றதும் பட்டும் கோயிலும் நினைவுக்கு வரும். அதே மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில், இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடம் ஒன்று இருக்கிறது. போர்க்காலத்தில் போட்ட சோழவரம் ஓடுதளத்தில் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், தன் சொந்த நிலத்தில் கட்டி 1990இல் திறந்த தடம் இது. இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் 1993இல் ஃபார்முலா மாருதி காரில் பந்தயம் ஓட்டத் தொடங்கியதும் இங்கேதான்.

இந்தத் தடத்தில் இன்று பழகும் இளைஞர்களுக்கு ஒரு கேள்வி முக்கியமானது. மேல்வரிசையில் பேர் வாங்கிய ஓட்டுநர் கீழ்வரிசைப் பந்தயத்தில் வந்து ஓட்டுவது அவர்களுக்கு நல்லதா, கெடுதலா? வரலாம், வரவும் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் ஏறி வருகிறவரின் புள்ளியையும் இருக்கையையும் எடுத்துக்கொள்ளாமல் வரவேண்டும். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இந்தக் கேள்வியை அதிகம் அலசியவர்கள் அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயக்காரர்கள். அங்கே நாஸ்கார் அமைப்பு தேசிய அளவில் மூன்று தொடர்களை நடத்துகிறது. உச்சியில் கப் தொடர். அதற்குக் கீழே இரண்டாம் தொடர். ஸ்பான்சர் மாற மாற புஷ், நேஷன்வைட், எக்ஸ்ஃபினிட்டி என்று அதன் பெயரும் மாறியது. மூன்றாவது, பிக்கப் டிரக் வடிவ வண்டிகள் ஓடும் டிரக் தொடர். பல வாரங்களில் மூன்றும் ஒரே தடத்தில் அடுத்தடுத்த நாட்களில் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை கப் பந்தயம் ஓட்டவேண்டியவர் சனிக்கிழமையே இரண்டாம் தொடரில் ஓட்டினால் தடத்தின் பிடிமானம், டயர் தேயும் விதம் எல்லாம் முன்கூட்டியே கைக்குத் தெரிந்துவிடும். பெரிய பெயர் வந்தால் ரசிகர் கூட்டம் வரும். ஸ்பான்சர் பணமும் வரும்.

ஆனால் அது எங்கே கொண்டுபோய் விட்டது? 2006 முதல் 2010 வரை இரண்டாம் தொடரின் பட்டத்தை வென்றவர்கள் கெவின் ஹார்விக், கார்ல் எட்வர்ட்ஸ், கிளின்ட் போயர், கைல் புஷ், பிராட் கெசலோவ்ஸ்கி. ஐந்து பேருமே அப்போது கப் தொடரில் முழுநேரம் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். வளரும் ஓட்டுநர்களுக்கென்று இருந்த மேடையில் ஐந்து ஆண்டுகளாக ஒரு வளரும் ஓட்டுநருக்குக்கூடப் பட்டம் கிடைக்கவில்லை. 2010இல் கைல் புஷ் ஒருவரே அந்தத் தொடரில் 13 பந்தயங்களை வென்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரிஸ்டல் தடத்தில் ஒரே வாரத்தில் மூன்று தொடர்களின் பந்தயங்களையும் வென்றார். அவருடைய திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த 13 வெற்றிகளில் ஒன்றிரண்டு ஓர் இளம் ஓட்டுநருக்குக் கிடைத்திருந்தால், அடுத்த ஆண்டுக்கு ஸ்பான்சர் தேடிப் போகும்போது அவர் கையில் காட்ட ஏதாவது இருந்திருக்கும்.

நாஸ்கார் இரண்டு கட்டமாக இதைச் சரிசெய்தது. 2011இல், ஓர் ஓட்டுநர் ஒரே ஒரு தொடரில்தான் பட்டத்துக்கான புள்ளி சேர்க்கலாம் என்று விதி வந்தது. கப் ஓட்டுநர் கீழே வந்து ஓட்டலாம், வெல்லலாம். பட்டப் புள்ளி கிடையாது. அந்த ஆண்டே பட்டம் ரிக்கி ஸ்டென்ஹவுஸ் ஜூனியர் என்ற வளரும் ஓட்டுநருக்குப் போனது. அடுத்த ஆண்டும் அவரே வென்று, பிறகு கப் தொடருக்கு ஏறினார். வெற்றிகள் மட்டும் இன்னும் மேல்வரிசைக்கே போய்க்கொண்டிருந்தன. அதனால் 2017 முதல் அனுபவமுள்ள கப் ஓட்டுநர் இரண்டாம் தொடரில் ஓட்டும் பந்தயங்களுக்கும் உச்சவரம்பு வந்தது. முதலில் பத்து, 2018இல் ஏழு, 2020இல் ஐந்து.

இதை மட்டும் பார்த்தால் கதவை முழுக்கச் சாத்திவிடுவதே நியாயம் என்று தோன்றும். அப்படி முடிவுகட்டக் கூடாது என்பதற்கும் கைல் புஷ்ஷின் கதையிலேயே சான்று இருக்கிறது. 2012 டிசம்பரில் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் ஸ்னோபால் டெர்பி என்ற பந்தயம் நடந்தது. நாஸ்காரின் மூன்று தொடர்களுக்கும் கீழே, ஊர்த்தடங்களில் ஓடும் கார்களுக்கான பெரும் பந்தயம் அது. கைல் புஷ் அங்கும் ஓட்டினார். வென்றவர் 16 வயது எரிக் ஜோன்ஸ். தன்னைத் தோற்கடித்த பையனைக் கைல் புஷ் தன் சொந்த டிரக் அணிக்கு அழைத்துக்கொண்டார். 2015இல் அந்த அணியில் டிரக் தொடர் பட்டத்தை வென்ற எரிக் ஜோன்ஸ் பிறகு கப் தொடருக்கு உயர்ந்தார். அதே அணியில் 2017 பட்டத்தை வென்ற கிறிஸ்டோபர் பெல்லும் அதே வழியில் ஏறினார். கைல் புஷ் அந்த டிசம்பரில் பென்சகோலாவுக்குப் போகாமல் இருந்திருந்தால், அந்தப் பையனின் வெற்றிக்கு அவ்வளவு எடை கிடைத்திருக்காது. உச்சத்தில் இருப்பவரோடு ஓட்டிப் பார்த்தால்தான் தன் அளவு தெரியும்; மற்றவர்களுக்கும் அப்போதுதான் தெரியும்.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலை நெய்யும் முறையில் இதற்கு நல்ல விளக்கம் கிடைக்கிறது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால் மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளுவார். தலைமுறைகளாகத் தொழில் பழகியவர்கள் உட்கார்ந்த இடம் அது. கைதேர்ந்தவர் இல்லாத தறியில் பழகுகிறவருக்குப் பார்த்துக் கற்க ஆள் இல்லை. கைதேர்ந்தவரே இருவர் வேலையையும் செய்துவிட்டால் பழகுகிறவருக்கு உட்கார இடமே இல்லை. இருவரும் ஒரே தறியில் இருக்கவேண்டும். நாடா இருவர் கையிலும் இருக்கவேண்டும்.

மேல்வரிசை என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் 2010இல் நாஸ்காரின் டிரக் தொடரில் இறங்கினார். மார்ட்டின்ஸ்வில் தடத்தில் முதல் பந்தயத்தில் 13ஆம் இடம். அந்த ஆண்டு டிரக் தொடரில் ரசிகர்களுக்கு மிகப் பிடித்த ஓட்டுநர் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. பந்தய வெற்றி கிடைக்கவில்லை. 2007இல் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்ற கிமி ராய்க்கோனன் 2011இல் சார்லட் தடத்தில் டிரக் ஓட்டி 15ஆவதாக வந்தார். வண்டியின் எடை, டயர், தடத்தின் சாய்வு எல்லாம் மாறும்போது உலகின் உச்சத்தில் இருந்தவரும் மாணவர்தான். இப்படி வருகிறவரால் யாருடைய வாய்ப்பும் பறிபோவதில்லை. அதே வகை வண்டியில், பெரிய அணியின் பணத்தோடும் பொறியாளர்களோடும் ஒரு படி மட்டும் இறங்குகிறவரிடம்தான் கவனம் தேவை.

என் பார்வையில் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. நாஸ்காரின் இரண்டாம் தொடரில் கப் ஓட்டுநர்கள் பெரும்பாலும் கப் அணிகளே நடத்திய கார்களில் வந்தார்கள். சிறிய அணியின் இளைஞர் அரை விநாடி பின்தங்கினால் அதில் ஓட்டுநரின் பங்கு எவ்வளவு, காரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தத் தோல்வியிலிருந்து அவர் கற்கவும் முடியாது.

நம் ஊர்ப் பந்தயத்துக்கு இந்த இடத்தில் ஒரு நல்ல மரபு இருக்கிறது. கோவையின் கரிவர்தன் 1980களின் இறுதியில் மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி காரைக் கட்டினார். எல்லோருக்கும் ஒரே வகைக் கார், தாங்கக்கூடிய செலவு என்பதே அதன் அடிப்படை. பின்னால் வந்த எல்.ஜி.பி. ஃபார்முலா 4 காரும் அதே வழியில் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் சுற்றுகள் நடந்த எம்.ஆர்.எஃப். சேலஞ்ச் தொடரிலும் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார்கள்தான். மிக் ஷூமாக்கர் அதில் ஓட்டினார். 2017-18 பட்டம் வென்ற பிரேசிலின் ஃபெலிப் டுருகோவிச் 2022இல் ஃபார்முலா 2 பட்டம் வென்றார். 2019 பிப்ரவரியில் இதே தடத்தில் பட்டத்தை உறுதிசெய்த ஜேமி சாட்விக், பிறகு பெண்களுக்கான டபிள்யூ சீரீஸ் பட்டத்தை மூன்று முறை வென்றார். இவர்களோடு ஒரே வகைக் காரில் ஓட்டிய நம் இளைஞருக்கு, எந்த வளைவில் எத்தனை மீட்டர் முன்னால் பிரேக் பிடிக்கிறோம், எங்கே எவ்வளவு நேரம் போகிறது என்பது கணினிப் பதிவில் தெளிவாகத் தெரியும். ஓர் ஆண்டுப் பயிற்சிக்கு ஈடான பாடம் அது.

கிரிக்கெட்டிலும் இந்தக் கேள்வி அண்மையில் எழுந்தது. தேசிய அணியினர் உள்நாட்டுப் போட்டிகளில் ஆடவேண்டும் என்று 2025 ஜனவரியில் கிரிக்கெட் வாரியம் வலியுறுத்தியது. விராட் கோலி பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் டெல்லிக்காக ரஞ்சி ஆட்டத்தில் இறங்கினார். அதைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அங்கே ஒரு நட்சத்திரம் வந்தால் பதினொருவரில் ஒருவர் வெளியே போகவேண்டும். பந்தயத்தில் தொடக்க வரிசை நிரம்பாதவரை இன்னொரு காரைச் சேர்த்துக்கொள்ளலாம். கார் பந்தயத்தை அதிகம் பேர் பார்க்காத நம் நாட்டில் வரிசையை நிரப்புவதே பெரும்பாடு. அதனால் இங்கே மேல்வரிசை ஓட்டுநர் வருவதில் ஆபத்து குறைவு, ஆதாயம் அதிகம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. தேசிய சாம்பியன்களும் வெளிநாட்டில் ஓட்டித் திரும்பியவர்களும் ஆண்டுக்கு ஓரிரு சுற்றுகளாவது இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் கீழ்வரிசைத் தொடர்களில் ஓட்டட்டும். அவர்களுக்கு மற்றவர்களுக்குள்ள அதே கார், அதே டயர். பட்டப் புள்ளியும் பரிசுப் பணமும் தொடரில் முழுமையாக ஓட்டுபவர்களுக்கே. மேலிருந்து வந்தவர்களின் ஓட்டப் பதிவுகள் அன்று மாலையே எல்லா அணிகளுக்கும் திறந்திருக்கவேண்டும். முதன்முதலாக ஓட்ட வருகிறவர்களுக்கென்று ஒதுக்கிய ஜே.கே. நோவிஸ் கப் போன்ற போட்டிகளில் மட்டும் அவர்கள் யாரும் நுழையக் கூடாது. அங்கே நடக்கப் பழகுகிறவர்களுக்குத் தங்களுக்குள் ஓடிப் பார்க்கும் இடம் வேண்டும்.

செலவு மிகுந்த இந்த விளையாட்டில் வீட்டுப் பணத்தைப் போட்டுப் பிள்ளையைத் தடத்துக்கு அனுப்பும் குடும்பங்கள் இருக்கின்றன. தங்கள் பிள்ளை எந்த உயரத்தில் நிற்கிறான், நிற்கிறாள் என்பதை நேர்மையாகத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. அதைக் காட்டக்கூடியவர்கள் மேலே ஏறிப்போனவர்கள்தான். அவர்கள் இறங்கி வருவதை விதிகள் தடுக்க வேண்டியதில்லை. வெறுங்கையோடு திரும்பிப் போகும்படி பார்த்துக்கொண்டால் போதும்.