கையேடு சொல்லாமல் விட்டது

மென்பொருள் கையேட்டில் ஒரு வரி தவறாக இருந்தால், என்றைக்காவது ஒருவர் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார். இருக்கவேண்டிய வரி இல்லாமல் போனால் அதை யாரும் சொல்வதில்லை. படித்தவர் தனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, எதையோ ஊகித்து வேலையை முடித்துவிடுகிறார். ஊகம் பிசகினால் அதன் விலையைப் பல ஆண்டுகள் கழித்து வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு அப்படித்தான் நடந்தது. ஒரு நிரல் கோப்பில் எழுதுவது உடனே வட்டுக்குப் போய்விடாது. இயங்குதளம் முதலில் நினைவகத்தில் வைத்திருந்து பிறகு எழுதும். ‘இப்போதே வட்டில் எழுது, எழுதிவிட்டுச் சொல்’ என்று கேட்பதற்கு எஃப்சிங்க் என்றொரு அழைப்பு உண்டு. தரவு பத்திரமாக இருக்கிறது என்று ஒரு தரவுத்தளம் கொடுக்கும் வாக்குறுதி முழுவதும் அந்த அழைப்பின் பதிலை நம்பித்தான் நிற்கிறது. வட்டு பழுதானால் பதிலாகப் பிழை வரும். வந்தபிறகு? எழுதப்படாத தரவு நினைவகத்தில் இன்னும் இருக்கிறதா? மறுபடி அழைத்தால் மறுபடி எழுதுமா? லினக்ஸ் இயங்குதளத்தின் கையேட்டில் எஃப்சிங்கை விளக்கும் பக்கம், பிழை நேர்ந்தது என்று சொல்வதோடு நெடுங்காலம் நின்றுவிட்டது.

மறுபடி எழுதும் என்று போஸ்ட்கிரெஸ் நிரலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். லினக்ஸோ, எழுத முடியாமல் போன நினைவகப் பக்கங்களையும் எழுதிமுடித்தவையாகக் குறித்துவிட்டது. அதனால் இரண்டாவது அழைப்புக்கு ‘எல்லாம் சரி’ என்ற பதில் வந்தது. ஒரு பயனரின் தரவு, சேமிப்பகத்தில் நேர்ந்த பிழைக்குப் பிறகு கெட்டுப்போக, அதன் காரணத்தைத் தேடிப்போன நிரலாளர் ஒருவர் 2018 மார்ச்சில் இதை மற்றவர்கள் முன் வைத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இருந்துவந்த ஊகம் அது. 2019 பிப்ரவரியில் வந்த பதிப்புகள் முதல், எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ் இயல்பு அமைப்பில் மறுபடி முயல்வதில்லை. தன்னை நிறுத்திக்கொண்டு, தன் பதிவேட்டிலிருந்து தரவை மீட்டெடுக்கிறது.

இந்தக் கதையில் அசட்டையானவர் என்று யாரும் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. நினைவகப் பக்கங்களுக்கு என்ன ஆகும் என்பது இயங்குதளக்காரர்களுக்குத் தெரியும். தங்களுக்கு என்ன தேவை என்பது தரவுத்தளக்காரர்களுக்குத் தெரியும். நடுவில் இருக்கவேண்டிய வாக்கியத்தை எழுதுவது மட்டும் யாருடைய வேலையாகவும் இல்லை. தரவை இழந்த ஒருவரிடமிருந்துதான் அது வெளிவர வேண்டியிருந்தது.

பயனரின் குரலுக்குக் கையேட்டில் இடம் வேண்டும் என்பது புது யோசனை இல்லை. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய யூனிக்ஸ் இயங்குதளக் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் ஆகியவற்றோடு, தெரிந்த குறைகளுக்கென்றே ஒரு தலைப்பு இருந்தது. சிக்கல் வந்தால் யாரைப் போய்க் கேட்பது என்று பெயர் சொல்லும் இன்னொரு தலைப்பும் இருந்தது. குறைகள் என்ற தலைப்பு இன்றைக்கும் தொடர்கிறது. பொறுப்பாளரின் பெயர் பின்னாளைய பதிப்புகளில் போய்விட்டது. பயனர்கள் பெருகப்பெருக அது தவிர்க்க முடியாததாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெயரோடு சேர்ந்து போனது சிறிய விஷயமில்லை என்று நினைக்கிறேன்.

அன்றாட வேலையில் இப்படி விடுபட்ட வரி இன்னும் எளிய உருவத்தில் வரும். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் இணைப்புக்கான காத்திருப்பு நேரத்தை வினாடியில் கொடுத்துப் பழகிய ஒருவர் போஸ்ட்கிரெஸுக்கு வருகிறார். ஒரு வினவல் அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஓடலாம் என்ற இடத்தில் 30 என்று எழுதுகிறார். அங்கே அலகு குறிப்பிடாத எண் மில்லிவினாடி. சற்றே கனமான வினவல்கள் எல்லாம் பாதியில் அறுந்து விழுகின்றன. அலகு குறிப்பிடாவிட்டால் என்னவாக எடுத்துக்கொள்ளப்படும் என்று இன்றைய போஸ்ட்கிரெஸ் கையேடு அந்த அமைப்பின் விளக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. ஒரே ஒரு வாக்கியம்தான். அது இல்லாத கையேடுகள் ஏராளம். எழுதியவருக்கு அலகு மனப்பாடம். அதனால் அந்த இடம் வெற்றாக இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. எத்தனை முறை திருப்பிப் படித்தாலும் தெரியாது.

‘இந்தப் பக்கம் பயன்பட்டதா? ஆம், இல்லை’ என்று கேட்கும் பொத்தான்களால் இதைப் பிடிக்க முடியாது. இல்லை என்று அழுத்தியவர் என்ன செய்யப் போனார், எந்தப் பதிப்பில், எந்த வரியைப் படித்து என்ன எதிர்பார்த்தார், என்ன நடந்தது என்பதெல்லாம் வேண்டும். போஸ்ட்கிரெஸ் கையேட்டின் பக்கங்களின் அடியில், எழுதியிருப்பது உங்கள் அனுபவத்தோடு ஒத்துப்போகாவிட்டால் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்வி அதுதான். நம் ஊர்ப் பொறியாளர்களுக்கு அது கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்து வந்தவர், பக்கம் விளங்காதபோது முதலில் சந்தேகப்படுவது தன் ஆங்கிலத்தை. பிறகு தன் படிப்பை. கையேட்டைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றுவதே இல்லை.

பயனர்களிடமிருந்து வருவதையெல்லாம் கையேட்டில் சேர்த்துவிடவும் கூடாது. ஒவ்வொரு முறையீட்டுக்கும் ஓர் எச்சரிக்கை என்று அடுக்கினால், தேடி வந்தவருக்குத் தேவையான வரி அவற்றுக்குள் புதைந்துபோகும். பழைய பதிப்பில் உண்மையாக இருந்தது புதியதில் பொய்யாகவும் இருக்கலாம். ஒரே இடத்தில் பலர் தடுக்கி விழுந்தால், பெரும்பாலும் அங்கே குறிப்பு சேர்க்க வேண்டியதில்லை. மூல வாக்கியத்தைத் திருத்தி எழுத வேண்டும். சில சமயம் கையேட்டை விட்டுவிட்டு மென்பொருளையே மாற்ற வேண்டும். இதைப் பிரித்தறிய ஆள் வேண்டும், அவருக்கு நேரமும் வேண்டும். நிறுவனங்கள் முதலில் வெட்டுவது அந்த நேரத்தைத்தான்.

நிறுவனத்தின் சப்போர்ட்டுக்கு வந்த கேள்விக்குப் பதில் எழுதி, அதைப் பதிந்த டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள். கேட்டவருக்கு வேலை முடிந்தது. அதே பக்கத்தைப் படித்துவிட்டு அடுத்த மாதம் இன்னொருவர் வருகிறார், அதே பதில் ஒட்டப்படுகிறது, அந்த டிக்கெட்டும் மூடப்படுகிறது. கையேட்டில் எந்த வரி அந்தக் கேள்வியைத் தடுத்திருக்கும் என்று ஒரு கட்டம் நிரப்பினால்தான் டிக்கெட்டை மூடலாம் என்று விதி வைத்தால் என்ன? லினக்ஸ் திருத்தங்களின் பதிவில், குறையை முதலில் சொன்னவர் பெயரைத் தனி வரியாகக் குறிக்கும் வழக்கம் இருக்கிறது. அந்தக் கட்டத்தின் பக்கத்திலேயே கேட்டவர் பெயருக்கும் இடம் விடலாம். வரி திருத்தப்பட்ட அன்று அவருக்கு ஒரு கடிதமும் போகவேண்டும்.