படையலில் குளிர்நாட்டுக் கனி

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்தில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டு பாகைக்கும் குறைந்த தொலைவில், செம்பனைத் தோட்டங்கள் சூழ அமைந்த ஊர் செடெனாக். இத்தகைய தோட்டப்புறங்களின் கோயில் வழிபாட்டில் தேங்காய், வெற்றிலை, வாழைப்பழத்தோடு ஆப்பிளும் அர்ச்சனைத் தட்டில் இடம்பெறுவது மலேசியத் தமிழரிடையே இன்று இயல்பாகிவிட்டது. அம்மண்ணில் விளையாத கனி படையலுக்குத் தகுமா என்பது ஒரு வினா. விலை மிகுந்த கனியைப் படைப்பதால் வழிபாடு உயருமா என்பது மற்றொரு வினா. இரண்டும் கலந்தே எழுகின்றன என்றாலும் அவற்றுக்குரிய விடைகள் வெவ்வேறானவை.

ஆப்பிள், பேரி, பிளம், செர்ரி ஆகியவை மிதவெப்ப மண்டலக் கனிகள். இவற்றின் மரங்கள் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்குநிலையை அடைகின்றன. ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழான குளிரைப் போதிய நேரம் பெற்ற பிறகே மொட்டுகள் சீராக விரிகின்றன. குளிர்த்தேவை எனப்படும் இக்காலம் பல ஆப்பிள் வகைகளுக்கு 800 முதல் 1000 மணி நேரம் வரை வேண்டியிருக்க, செடெனாக்கின் தட்பவெப்பத்தில் அத்தகைய ஒரு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. ஆகவே சீனா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து முதலிய நாடுகளிலிருந்தே ஆப்பிள் அங்கு வந்து சேர்கிறது.

இவ்வணிகம் தழைப்பதற்கு அக்கனியின் தாங்கும் தன்மையே அடிப்படை. கிடங்கில் உயிர்வளியைக் குறைத்துக் கரிவளியைக் கூட்டினால் கனியின் மூச்சு தணிந்து முதிர்ச்சி தாமதப்படும் என்பதை, பிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் என்னும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 1920களில் நிறுவினர். குளிரூட்டலோடு இம்முறையும் சேர்ந்ததால் ஆப்பிளைப் பல மாதங்கள் கெடாமல் வைத்து விற்க முடிகிறது. வாழையோ 13 பாகைக்குக் கீழே தோல் கறுத்துப் பழுதடைகிறது. ரம்புத்தான் பறித்த சில நாள்களிலேயே வாடுகிறது. எனவே ஆப்பிளுக்குச் சந்தையில் கிடைத்த மதிப்பு பெரும்பாலும் கிடங்கும் கப்பலும் தந்தது. அதைத் தெய்வத்தன்மையின் அளவாகக் கொள்வது பொருந்தாது.

உணவு நோக்கிலும் இதுவே தெளிவாகிறது. தோலுடன் உண்ணும் 100 கிராம் ஆப்பிளில் ஏறத்தாழ 2.4 கிராம் நார்ச்சத்தும், நீரில் கரையும் நாரான பெக்டினும் இருப்பதால் அது நல்ல உணவே; ஆயினும் அதன் வைட்டமின் சி ஏறத்தாழ 5 மில்லிகிராம்தான். அதே எடையுள்ள கொய்யாவில் அது 200 மில்லிகிராமைத் தாண்டுவதோடு நார்ச்சத்தும் இரு மடங்குக்கு மேல் உள்ளது. காய்கனிகளை நாளொன்றுக்கு 400 கிராமேனும் உண்ண வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. எளிய குடும்பம் அந்த அளவை எட்டுவதற்கு அருகில் விளையும் கனியே பெருந்துணை.

இனி, அயல்நாட்டுக் கனி ஆகாது என விலக்குவதும் சரியன்று. கொய்யா, பப்பாளி, அன்னாசி ஆகிய மூன்றும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தவையே. இமாசலத்தின் கோட்கட் பகுதியில் அமெரிக்கரான சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916இல் அமெரிக்க ஆப்பிள் வகைகளை நட்டார்; பின்னர் 1932இல் இந்து சமயம் தழுவிச் சத்தியானந்தர் எனப் பெயர் பூண்டார். இன்று அம்மலை உழவருக்கு ஆப்பிள் தம் உழைப்பின் விளைச்சலாதலால், அவர்கள் அதைப் படைக்கும்போது தம் வாழ்வையே படைக்கிறார்கள். பகவத்கீதையின் ஒன்பதாம் அத்தியாயம் இலை, பூ, கனி, நீர் எனும் எளிய பொருள்களைக் கூறி அன்பை மட்டுமே நிபந்தனையாக வைக்கிறது. விளைந்த நாட்டையோ விலையையோ அது கேட்கவில்லை.

அன்பு எதில் வெளிப்படும் என்பதைக் காரைக்கால் அம்மையார் வரலாறு காட்டுகிறது. கணவன் அனுப்பிய இரு மாங்கனிகளில் ஒன்றை அவர் பசித்து வந்த சிவனடியாருக்கு இட்டார். அக்கொடையே காரைக்காலின் மாங்கனித் திருவிழாவில் இன்றும் போற்றப்படுகிறது. கனி சிறப்புறுவது பசியாற்றும்போதுதான் என்னும் இக்கருத்து, படைத்த கனியைப் பிரசாதமாகப் பகிர்ந்துண்ணும் வழக்கத்திலும் அடங்கியுள்ளது. ஆதலால் செடெனாக்கில் ஆப்பிள் படைப்பதில் குற்றமில்லை. அதை வாங்க இயலாத குடும்பம் தன் வீட்டுக் கொய்யாவைத் தயங்கிக் கொண்டுவரும் நிலை உருவாகுமாயின் அதுவே குற்றம். இரு கனிகளையும் ஒரே தட்டில் ஏற்று, வழிபாடு முடிந்ததும் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் பகிர்ந்தளிக்கும் கோயிலே சமயத்தின் கடமையையும் உணவின் கடமையையும் ஒருங்கே நிறைவேற்றுகிறது.