அவரையே கேட்டீர்களா?

குடும்பத் தலைவர் திடீரெனப் பாரிசவாதத்தால் வீழ்கிறார். கையும் காலும் அசையவில்லை, பேச்சுமில்லை. கப்பல்துறையிலாயினும் பாரிசிலாயினும், கட்டிலைச் சூழ்ந்து நிற்போர் ‘இனி என்ன செய்வது?’ என்று அவர் காதுபடவே ஆலோசிக்கின்றனர்.

மூளைத்தண்டு தாக்கப்பட்டோருள் சிலருக்கு அறிவும் செவியும் பழுதுறுவதில்லை. கண் மட்டுமே அசையும். 1995 டிசம்பரில் இவ்வாறு வீழ்ந்த பிரெஞ்சுப் பத்திரிகையாசிரியர் ழான் டொமினிக் போபி, ஒருவர் எழுத்துக்களை வரிசையாகச் சொல்லச் சொல்ல, இடக்கண்ணைச் சிமிட்டியே ஒரு நூலை ஆக்கினார். 1997 மார்ச்சில் அது வெளியாகிச் சில நாட்களில் மரித்தார்.

ஆகவே முதற் கடமை, நோயாளியையே வினவுவதாகும். ‘ஆம் என்றால் கண்ணை மேலே உயர்த்துங்கள்’ என்று பொறுமையாய்ப் பலமுறை கேட்டுப் பாருங்கள். விடை வருமாயின் தீர்மானம் அவருடையது.

விடையே வராவிட்டால்? மிதமிஞ்சிய சுமையாகும் அசாதாரண சிகிச்சையைத் தொடரக் குடும்பத்துக்குக் கடமையில்லை எனப் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இல், சுவாசக் கருவி குறித்துப் பேசுகையில், தெளிவுபடுத்தினார். ஆனால் உணவு, நீர், துப்புரவு, படுக்கைப்புண் வராமல் புரட்டிவிடுதல் ஆகியவை அந்தக் கணக்கில் சேரா. கருவியை விடலாம், மனிதரைக் கைவிடலாகாது.

இன்னுமொன்று: இரவிரவாக விழித்திருப்பவள் பெரும்பாலும் ஒரு மகளே. அபிப்பிராயம் சொல்ல வருவோர், முதலில் ஓரிரவு அவளை உறங்க விடட்டும்.