தனியே என்றொரு சொல்

இலண்டன் மாநகரின் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு சிறிய விமானம் கூரையிலிருந்து தொங்குகிறது. கீழும் மேலுமாக ஈரடுக்கு இறக்கைகள். மரச் சட்டங்களின்மேல் இழுத்துக் கட்டிய துணி. நூறு குதிரைத்திறன் கொண்ட ஓர் எஞ்சின். ஓட்டுநரின் தலைக்குமேல் மூடி கிடையாது. வெயிலும் மழையும் அவர் முகத்திலேயே அறையும். ‘ஜிப்ஸி மாத்’ வகையைச் சேர்ந்த அந்த விமானத்தின் பெயர் ‘ஜேசன்’.

1930 மே 5ஆம் நாள் இதில் ஏறிக் குராய்டனிலிருந்து புறப்பட்டவர் ஏமி ஜான்சன் என்னும் இருபத்தாறு வயதுப் பெண். வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்து பிழைத்தவர். அதற்குமுன் அவர் பறந்த நெடும்பயணம் இலண்டனிலிருந்து தம் சொந்த ஊரான ஹல் வரை மட்டுமே. மே 24ஆம் நாள் அவர் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கினார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதற் பெண்மணி என்று வரலாறு அவரைப் போற்றுகிறது.

‘தனியே’ என்னும் அந்தச் சொல்லின்முன் நாம் சற்றே நிற்போம்.

விமானத்தை வாங்கப் பணம் தந்தவர்கள் மீன் வணிகரான அவர் தந்தையும், எண்ணெய் வணிகர் வேக்ஃபீல்டு பிரபுவும். ‘ஜேசன்’ என்பதே தந்தையின் மீன் வணிகத்துக்குரிய முத்திரைப் பெயர்தான். வழியில், பர்மாவின் இன்செயினில், ரங்கூன் குதிரைப் பந்தயத் திடல் என்றெண்ணி ஒரு விளையாட்டுத் திடலில் இறங்கினார். விமானம் ஓடிச்சென்று பள்ளத்தில் விழுந்தது. இறக்கை முறிந்தது, துணி கிழிந்தது. அங்கிருந்த தொழிற்கல்விக் கூடத்தார் முறிந்தவற்றைச் சீராக்கினர். முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகளை ஊரார் வைத்திருந்தனர். அவற்றைப் பிரித்து இறக்கைக்கு ஒட்டுப் போட்டார்கள். பிறர் உடுத்திய சட்டையை இறக்கையாக்கிக்கொண்டு அந்தப் பெண் மீண்டும் வானேறினார்.

அப்படியானால் அவர் பறந்தது தனியேதானா?

‘இல்லை, எல்லாரும் சேர்ந்தே பறந்தார்கள்’ என்று சொல்லிவிடுவது எளிது. கேட்கவும் இனிமையாயிருக்கும். ஆனால் அது முழு உண்மையன்று. கடைசி நாளில் தைமூர்க் கடலின்மேல், கரையே தென்படாத வெளியில், வானொலித் துணையுமின்றி அமர்ந்திருந்தவர் அவர் ஒருவரே. எஞ்சின் நின்றிருந்தால் நீரில் மூழ்கியிருப்பது அவர் உயிர்; சட்டை தந்தவரின் உயிரன்று. அவருடைய துணிவைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதும் ஒருவகை அநீதியே.

நாம் இடறுவது இங்கேதான். புகழை ஓர் அப்பமாகவே எண்ணுகிறோம்: பிறருக்கு ஒரு துண்டு கொடுத்தால் நமக்குரியது குறைந்துபோகும் என்று அஞ்சுகிறோம். ஆகவேதான் வாழ்வில் உயர்ந்தவர் பலர், ‘யார் தயவுமின்றி என் காலில் நின்றேன்’ என்று சொல்ல விரும்புகின்றனர். கல்லூரிக் கட்டணத்துக்காக விற்கப்பட்ட தாயின் வளையலும், தன் படிப்பை நிறுத்திக்கொண்ட தமக்கையின் விட்டுக்கொடுப்பும் அந்த வாக்கியத்தில் இடம்பெறுவதில்லை. அவற்றைச் சொல்லிவிட்டால் தம் உழைப்பு சிறுத்துவிடும் என்பது அவர்களின் அச்சம்.

ஆனால் துணிவும் கடனும் ஒரே தராசின் இரு தட்டுகளல்ல. ஏமியின் துணிவு முழுவதும் அவருடையது. அவர் பட்ட கடனும் முழுவதும் அவருடையது. ஒன்றை ஒப்புக்கொள்வதால் மற்றது குறையாது.

இந்தக் கதைக்கு ஒரு முடிவுண்டு. 1941 சனவரி 5ஆம் நாள், போர்க்காலப் பணியாக ஒரு விமானத்தை ஓட்டிச்சென்ற ஏமி, தேம்ஸ் கழிமுகத்துக் குளிர்நீரில் வீழ்ந்தார். அவ்வழியே வந்த ‘ஹேசல்மியர்’ கப்பலின் தலைவர் வால்டர் ஃபிளெட்சர், தத்தளிக்கும் உயிரைக் காக்கக் கடலில் குதித்தார். ஏமியின் உடல் கிடைக்கவேயில்லை. ஃபிளெட்சரும் அந்தக் குளிரினால் இறந்தார். வீரத்துக்கான ஆல்பர்ட் பதக்கம் அவருக்கு இறந்தபின் வழங்கப்பட்டது.

விமானம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை ஓட்டியவர் பெயரும் நிலைத்திருக்கிறது. சட்டையைக் கழற்றித் தந்தவர்களின் பெயர்களை நாம் அறியோம். அவர்களுக்கு அந்தக் கடனைத் திருப்பித் தரவும் இனி இயலாது. எனினும் ஒன்று இயலும். நாளை நம் வீட்டருகே எவரேனும் இறக்கை முறிந்து இறங்கினால், அவர் நமக்கு யார் என்று கேளாமல் நம் துணியைப் பிரித்துக் கொடுக்கலாம். அதற்கு முன்பாக, இன்று மாலையே, நமக்காக வளையல் விற்றவரின் பெயரை நம் பிள்ளைகளிடம் சொல்லி வைக்கலாம்.