பிரிவின் அழுகையும் பெற்றோரின் விசுவாசமும்

அதுவரை யார் தூக்கினாலும் சிரித்துக்கொண்டிருந்த குழந்தை, ஏறத்தாழ எட்டாம் மாதத்தில், தாய் அறையை விட்டு வெளியேறியவுடன் வீறிட்டு அழத் தொடங்குகிறது. இந்த அழுகை பெரும்பாலும் பத்து மாதம் முதல் ஒன்றரை வயது வரை உச்சத்தில் நின்று, மூன்று வயதை நெருங்கும்போது படிப்படியாகத் தணிகிறது. உளவியலார் பிரிவுப் பதற்றம் என்று அழைக்கும் இந்நிலை, அறிவு வளர்ச்சியின் ஓர் இடைவெளியில் பிறப்பதாகும். கண்ணுக்கு மறைந்தவரும் எங்கோ இருக்கிறார் என்ற உணர்வு குழந்தைக்கு வந்துவிட்டது. அவர் எப்போது திரும்புவார் என்று கணிக்கும் கால உணர்வு இன்னும் வரவில்லை. இவ்வளவு தெளிவாக விளக்கப்பட்ட பின்னும் கிறிஸ்தவப் பெற்றோருக்கு ஒரு கேள்வி எஞ்சுகிறது: அந்த அழுகை அடக்கப்பட வேண்டிய தன்னிச்சையா, அல்லது படைத்தவர் குழந்தைக்குள் வைத்த பிணைப்பின் குரலா?

திருச்சபையின் வரலாற்றில் முதல் விடைக்கு வலுவான ஆதரவு இருந்துள்ளது. அகஸ்தீன், தம் வாழ்வை இறைவனிடம் அறிக்கையிடும் நூலின் முதற்பகுதியில், கைக்குழந்தையின் அழுகையிலும் பொறாமையிலும்கூட ஜென்ம பாவத்தின், அதாவது மனிதர் பிறப்போடு கொண்டுவரும் பாவ இயல்பின், தடயத்தைக் கண்டார். மெதடிச இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லிக்கு அவருடைய தாய் சுசன்னா 1732-இல் எழுதிய கடிதத்தில், பிள்ளைகளின் சுயசித்தத்தை முதலில் வெல்ல வேண்டும் என்றும், தம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு வயதிலேயே பிரம்புக்கு அஞ்சவும் சத்தமின்றி அழவும் பழக்கப்பட்டார்கள் என்றும் குறிப்பிட்டார். அதே சுசன்னா ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேசுவதற்கென வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கியவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பின்வந்தோரில் பலர் அவருடைய பிரம்பை நினைவில் வைத்து, அந்த மாலைப்பொழுதை மறந்துவிட்டனர்.

சத்தமின்றி அழப் பழகிய குழந்தை உண்மையில் ஆறுதல் அடைந்துவிட்டதா என்பதை இருபதாம் நூற்றாண்டின் மருத்துவமனைகள் காட்டின. பிரிட்டனில் அக்காலத்தில் நோயுற்ற குழந்தைகளைப் பெற்றோர் பார்ப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. 1952-இல் சமூகப் பணியாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றிய படத்தை வெளியிட்டார். அவரும் மனநல மருத்துவர் ஜான் போல்பியும் பிரிக்கப்பட்ட குழந்தைகளிடம் எதிர்ப்பு, நம்பிக்கையிழப்பு, விலகல் என்ற மூன்று கட்டங்களைக் கண்டனர். மூன்றாம் கட்டத்தில் குழந்தை அழுவதில்லை, கொடுத்ததை உண்கிறது, செவிலியரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறது. ஆனால் தாய் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பிள்ளை பழகிவிட்டது என்று பெரியவர்கள் நிம்மதியடைந்த அந்த நிலையே மூன்றிலும் மிகக் கவலைக்குரியது. 1959-இல், மருத்துவமனையில் உள்ள குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க அனுமதிக்கும்படி பரிந்துரைத்தது. போல்பி வகுத்த பிணைப்புக் கோட்பாடும், உகாண்டாவில் தாய்மார்களையும் குழந்தைகளையும் அருகிருந்து கவனித்த உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த்தின் ஆய்வும் ஒரே திசையைச் சுட்டுகின்றன: தாய் திரும்புவாள் என்ற உறுதி பெற்ற குழந்தையே அவளை விட்டுத் துணிந்து விலகிச் சென்று உலகைத் துழாவுகிறது.

உளவியல் சொல்வதால் வேதம் அதற்கு இணங்க வேண்டியதில்லை என்று சிலர் கருதலாம். ஆனால் பிரிவை எவ்வாறு நடத்துவது என்பதற்கு வேதத்திலேயே விரிவான ஒரு முன்மாதிரி இருக்கிறது. அது யோவான் சுவிசேஷத்தின் பதின்மூன்று முதல் பதினாறு வரையிலான அதிகாரங்கள். சிலுவைக்கு முந்தைய இரவில் இயேசு சீஷரைப் பிரியவிருக்கிறார். அவர்கள் அறியாமல் மறைந்துவிட அவர் முயலவில்லை. போவதை முன்கூட்டியே சொல்கிறார், அவர்கள் நெஞ்சில் துக்கம் நிறைந்திருப்பதை வெளிப்படையாகக் குறிப்பிடுகிறார், அந்தத் துக்கத்தைக் குற்றமாக்காமல் பிரசவ வேதனைக்கு ஒப்பிடுகிறார், அவர்களைத் திக்கற்றவர்களாக விடமாட்டேன் என்றும் திரும்ப வருவேன் என்றும் வாக்களிக்கிறார், தாம் இல்லாத காலத்தில் உடனிருக்க வேறொரு தேற்றரவாளனை, அதாவது பரிசுத்த ஆவியானவரை, அனுப்புவதாகவும் சொல்கிறார். சீஷர்கள் வளர்ந்த மனிதர்கள். அவர்களுக்கே இவ்வளவும் தேவைப்பட்டதென்றால், இரண்டு வயதுக் குழந்தைக்கு வேடிக்கை காட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவிச் செல்வது எவ்விதத்தில் போதுமானதாகும்? நழுவிச் செல்வது அந்த வேளையின் அழுகையைத் தவிர்க்கிறது. ஆனால் கண்ணை எடுத்தால் அம்மா காணாமற்போவாள் என்று குழந்தைக்குக் கற்பிப்பதால், மறுநாளின் பிடி இன்னும் இறுகுகிறது. சொல்லிவிட்டுப் புறப்படுவதும், விடைபெறுதலைச் சுருக்கமாகவும் நாள்தோறும் ஒரே விதமாகவும் வைத்துக்கொள்வதும், பழகிய ஒருவரின் கையில் ஒப்படைப்பதும், சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் வருவேன் என்று குழந்தைக்குப் புரியும் அடையாளத்தால் நேரத்தைக் குறிப்பதும், குறித்தபடி வந்து நிற்பதும் கடினமானவை, ஆனால் உண்மையானவை.

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் அழும் குழந்தையிடம் இயேசப்பா கூடவே இருக்கிறார், அழக்கூடாது என்று சொல்வது வழக்கம். முதற்பாதி விசுவாசத்தின் சாரம். இரண்டாம் பாதியை அதனோடு இணைப்பதே பிழை. சிலுவையில் தொங்கிய இயேசுவே இருபத்திரண்டாம் சங்கீதத்தின் தொடக்க வார்த்தைகளால், கைவிடப்பட்டவரின் குரலில், பிதாவை நோக்கிக் கதறினார் என்று மத்தேயுவும் மாற்குவும் எழுதுகின்றனர். அக்கதறலை அவிசுவாசம் என்று திருச்சபை ஒருபோதும் எண்ணியதில்லை. அழுதால் இயேசப்பா கோபித்துக்கொள்வார் என்ற மிரட்டலோ இன்னும் கேடானது, ஏனெனில் ஆறுதலுக்கு ஓட வேண்டிய இடத்தையே அது அச்சத்தின் இடமாக மாற்றுகிறது. மாறாக, அம்மா போவது உனக்குக் கஷ்டமாக இருக்கிறது, அதை இயேசப்பாவிடம் சொல்வோம் என்று குழந்தையைச் சேர்த்தணைத்துச் செய்யும் இரண்டு வரி ஜெபம், அழுகையோடும் கர்த்தரிடம் வரலாம் என்பதை அப்பருவத்திலேயே கற்பிக்கிறது.

இவ்விடத்தில் அன்னாளின் கதை எதிர்வாதமாக எழுவதுண்டு. பால்மறந்த தன் மகன் சாமுவேலை அவள் சீலோவிலிருந்த ஆலயத்தில் விட்டுவந்தாள். ஆகவே ஊழியத்திற்காகவோ படிப்பிற்காகவோ சிறு பிள்ளைகளைத் தொலைவில் விடுவது விசுவாசச் செயல் என்று வாதிடப்படுகிறது. ஆனால் அது ஒரு பெண் தன் பொருத்தனையை நிறைவேற்றிய வரலாறு. எல்லாப் பெற்றோருக்கும் இடப்பட்ட கட்டளை என்று வேதம் எங்கும் கூறவில்லை. அவள் ஆண்டுதோறும் ஒரு சின்னச் சட்டையைத் தைத்து எடுத்துச் சென்றாள் என்ற குறிப்பையும் அந்த வாதம் கவனிப்பதில்லை. வளரும் பிள்ளையின் அளவை மனத்தில் வைத்துத் தைக்கும் தாய், பிரிவிலும் உறவைப் பேணுகிறாள்.

பள்ளி செல்லும் வயதிலும் பிரிவின் அச்சம் நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்து, வயிற்றுவலி, கெட்ட கனவுகள், பள்ளிக்குச் செல்ல மறுத்தல் என வளருமானால், அது மருத்துவ உதவி தேவைப்படும் நிலையாக இருக்கலாம். குழந்தை மனநல மருத்துவரை நாடுவது ஜெபத்தைக் கைவிடுவதாகாது.

பெற்றோரின் வாக்குறுதிக்கு ஓர் எல்லை உண்டு. ஒருபோதும் விலகுவதில்லை என்று சொல்லும் உரிமை கர்த்தருக்கே உரியது. வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் புறப்படும் தந்தை நாளைக்கே வந்துவிடுவேன் என்று சொல்வது அன்பினால் பிறந்த பொய்யே ஆயினும் பொய்தான். அத்தகைய வீடுகளில் சபைக்கும் பொறுப்பு உண்டு. ஞானஸ்நானத்தின்போது ஞானப்பெற்றோரை நிறுத்திக் குழந்தையைத் தன்னுடையதாக ஏற்கும் சபை, ஓய்வுநாள் பள்ளியின் சிறு குழந்தைகள் வகுப்பில் வாரத்துக்கொரு புதிய முகத்தை நிறுத்தாமல், ஒரே ஆசிரியரை ஆண்டு முழுவதும் வைத்திருக்கவும், முதல் சில வாரங்கள் தாயோ பாட்டியோ உள்ளே அமர்ந்திருக்க அனுமதிக்கவும் வேண்டும்.